கல்விப் பிரயாணமும் தன் காலில் நிற்றலும்

செங்கற்பட்டை அடுத்த ஒரு கிராமத்தின் கூட்டுறவுச் சங்கத்தில், சென்ற ஆண்டு தை மாதம் கூடிய பொதுக் கூட்டத்திற்கு இலாகாவின் சார்பில் நான் போயிருந்தேன். உர இருப்பு, பயிர்க்கடன் தவணை முதலிய விஷயங்கள் யாவும் முடிந்த பின்னர், உள்ளூர்ப் பள்ளி உபாத்தியாயர் கொடுத்திருந்த ஒரு விண்ணப்பத்தைக் காரியதரிசி வாசித்தார். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 32 பேரைச் சென்னைக்கு இரண்டு நாள் கல்விப் பிரயாணமாக அழைத்துச் செல்ல உத்தேசித்திருப்பதாகவும், செலவில் ஒரு பகுதியைச் சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து உதவ வேண்டுமென்றும் அதில் கண்டிருந்தது. உடனே வயது முதிர்ந்த மெம்பர் ஒருவர் எழுந்து, "ஊர் சுற்றிக் காட்டுவதற்கா ஐயா சங்கத்துப் பணம்? பிள்ளைகள் சமுத்திரத்தைப் பார்த்துவிட்டு வந்தால் நம் வயலில் ஒரு மூட்டை நெல் கூடுதலாக விளையுமா?" என்று கேட்டார். சபையில் பலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது நியாயமான கேள்வி. ஒவ்வொரு காசுக்கும் பலன் என்னவென்று கேட்பதற்குத்தானே சங்கமும் பொதுக் கூட்டமும் ஏற்பட்டிருக்கின்றன? அக்கேள்விக்கு அன்று நான் சொன்ன விடையும், பின்னர் அப்பிரயாணத்தில் கூடச் சென்று கண்டவையுமே இப்பாடத்தின் விஷயம்.

முதலில் எதிர்க்கட்சிக்கு இடங்கொடுத்தே பேசுகிறேன். பிரயாணம் எல்லாம் நல்ல பிரயாணம் அன்று. எனக்குப் பதினொரு வயதிருக்கும்போது எங்கள் பள்ளியிலிருந்தும் பட்டணம் அழைத்துப் போனார்கள். விடியற்காலையில் வண்டியேற்றினார்கள். முன்னே நிற்கும் பையனின் சட்டையைப் பின்னே நிற்பவன் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பதே எங்களுக்குக் கிடைத்த ஒரே உத்தரவு. ஒரே நாளில் ஏழு இடங்களைப் பார்த்தோம். பார்த்தோம் என்பதைவிட, ஏழு இடங்களின் வழியாக எங்களை ஓட்டிச் சென்றார்கள் என்பதே பொருந்தும். யார் கையிலும் காசு இல்லை. டிக்கட்டை நாங்கள் கண்ணாலும் காணவில்லை. அடுத்து எங்கே போகிறோம் என்பது எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. மாலையில் கடற்கரைக் கூட்டத்தில் பலூன் விற்பவனை வேடிக்கை பார்த்து நின்றவன், திரும்பிப் பார்க்கையில் முன்னால் சட்டை இல்லை. ஒரு போலீஸ்காரர் வந்து, "எந்த ஊர்? எங்கே தங்கியிருக்கிறீர்கள்? யாரோடு வந்தாய்?" என்று கேட்டார். ஊர்ப் பெயரைத் தவிர வேறொன்றும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் அழுத பின் கண்டுபிடிக்கப்பட்டேன். "சட்டையை ஏன் விட்டாய்?" என்று அடியும் கிடைத்தது. அதன் பின்னர் என் தகப்பனார் என்னை எங்கும் தனியே அனுப்பவில்லை. பதினெட்டாம் வயதில் உத்தியோகப் பரீட்சை எழுதப் போனபோதும் அவர்தாம் கூட வந்து, வாசலில் குடையோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பிரயாணத்தில் நான் கற்றது, உலகம் பெரிது, நான் அதற்கு ஆகாதவன் என்பதுதான். இதற்குச் சங்கம் ஒரு காசும் கொடுக்க வேண்டியதில்லை என்று கேள்வி கேட்ட பெரியவரோடு நானும் கையொப்பமிடுவேன்.

ஆகவே நாம் ஆராய வேண்டியது, பிள்ளைகளை வெளியே கொண்டுபோவதா வேண்டாமா என்பதன்று. கொண்டுபோகிற இடத்தில் காரியத்தை யார் நடத்துவது என்பதே. பணத்தை யார் வைத்துக்கொள்வது, வழியை யார் விசாரிப்பது, தப்பு நேர்ந்தால் அதை யார் சரிசெய்வது? இம்மூன்றும் பெரியவர் கையிலேயே இருந்தால் பிள்ளை மூட்டையைப் போலப் போய் மூட்டையைப் போலத் திரும்பும். இம்மூன்றிலும் ஒரு பங்காவது பிள்ளையின் கைக்கு மாறினால், அது ஒரு சிறு கூட்டுறவுச் சங்கம் ஆகிவிடுகிறது. நம் பாட்டன்மார் காலத்தில் லேவாதேவிக்காரர் கணக்கெழுதினார். நாம் கைநாட்டு வைத்தோம். 1904-ஆம் ஆண்டின் கூட்டுறவுச் சட்டம் வந்த பின்னரே, கிராமத்தார் தாங்களே கூடித் தங்கள் பணத்திற்குத் தாங்களே கணக்கு வைக்கலாம் என்ற ஏற்பாடு உண்டாயிற்று. ஆரம்பத்தில் நாம் செய்யாத பிழையா? பிழை செய்யவும் அதைத் திருத்தவும் அதிகாரம் கிடைத்தபடியால்தான் இன்று சங்கம் நடத்தத் தெரிந்திருக்கிறது. பிள்ளைகளின் விஷயமும் இதுவேதான்.

இந்த யோசனை புதிதன்று. சென்னை அடையாற்றிலேயே இதற்கு நூறாண்டுச் சரித்திரம் உண்டு. 1908-இல் பேடன் பவல் என்ற ஆங்கிலேயத் தளபதி சாரணர் இயக்கத்திற்குரிய நூலை வெளியிட்டபோது, சிறுவர்களை ஆறு அல்லது எட்டுப் பேர் கொண்ட அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணிக்கும் அவர்களிலேயே ஒருவனைத் தலைவனாக்கி, அவனிடம் மெய்யான பொறுப்பைக் கொடுக்க வேண்டுமென்று வற்புறுத்தினார். பெரியவர் தூரத்தில் நிற்க வேண்டும். ஆனால் இந்தியாவில் முதலில் ஏற்பட்ட சாரணர் படைகளில் இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லை. அடையாற்றில் பிரம்மஞான சபையின் தலைவியாயிருந்த அன்னி பெஸண்டு அம்மையார் இதைப் பொறாமல், முதல் உலக யுத்த காலத்தில் இந்தியச் சிறுவர்களுக்கென்றே சாரணர் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். அதே அடையாற்றில், அதற்கும் முன்னர், 1894-இல் கர்னல் ஆல்காட் அவர்கள், பிற பள்ளிகளின் வாசலை மிதிக்க விடப்படாத பிள்ளைகளுக்கென இலவசப் பள்ளி தொடங்கினார். அவர் பெயரால் அங்கே ஒரு பள்ளி இன்றும் நடக்கிறது. யாரை வெளியே நிறுத்தினார்களோ அவர்களிடமே பொறுப்பை ஒப்படைத்துப் பார்த்த இடம் அது என்பதற்காகவே இதைக் குறிப்பிட்டேன்.

ஜப்பான் தேசத்தில் பள்ளிப் பிரயாணம் 1886 முதல் நடந்துவருகிறது. அங்கே உயர்வகுப்புப் பிள்ளைகள் கியோட்டோ போன்ற நகரங்களில் ஐந்தாறு பேராகப் பிரிந்து, தாங்களே வகுத்துக்கொண்ட வழியில், தாங்களே வண்டியேறி, குறித்த நேரத்திற்குத் தங்குமிடம் வந்து சேருவது வழக்கம். நாம் அவ்வளவு தூரம் எட்டி வைக்க வேண்டியதில்லை. ஓர் அடி வைக்கலாம்.

இனி, நமது 32 பிள்ளைகளின் கதை.

கூட்டத்தில் விவாதம் நீண்டது. இறுதியில், துணைவிதிகள் இடங்கொடுக்கும் அளவில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. ஆனால் கேள்வி கேட்ட பெரியவரே ஒரு நிபந்தனை போட்டார்: "பணத்திற்குப் பிள்ளைகளே கணக்குக் காட்ட வேண்டும். வாத்தியார் எழுதிய கணக்கு எங்களுக்கு வேண்டாம்." கோபத்தில் சொன்னாரோ, யோசித்துச் சொன்னாரோ, அறியேன், அந்தப் பிரயாணத்திற்கு உயிர் கொடுத்தது அந்த நிபந்தனைதான்.

உபாத்தியாயர் கெட்டிக்காரர். பிள்ளைகளை எட்டெட்டுப் பேராக நான்கு குழுவாக்கினார். யார் எந்தக் குழு என்பதைச் சீட்டுக் குலுக்கியே தீர்த்தார். இதில் ஊர்த்தெருவில் சிலருக்கு மனக்கசப்பு உண்டாயிற்று. காலனிப் பிள்ளைகளோடு ஒரே பொட்டலத்தில் சாப்பிட வேண்டி வருமே என்று வாய்விட்டுச் சொன்னவர்களும் உண்டு. "சீட்டில் விழுந்தது விழுந்ததுதான், விருப்பமில்லாதார் பெயரை எடுத்துவிடலாம்" என்று அவர் அமைதியாக விடையளித்தார். ஒருவரும் பெயரை எடுக்கவில்லை. பிள்ளைகள் விட்டிருந்தால்தானே!

ஒவ்வொரு குழுவும் தனக்குள் ஒரு தலைவரையும், ஒரு பொருளாளரையும், வழி விசாரிப்பவரையும், தண்ணீருக்கும் மருந்துப் பைக்கும் பொறுப்பாளியையும் தேர்ந்துகொண்டது. குழு ஒன்றுக்கு ரூபாய் 1,000 கையில் கொடுப்பது. டிக்கட்டு, நுழைவுக் கட்டணம், பலகாரம் யாவும் அதிலிருந்தே. பெரிய சாப்பாடும் இராத் தங்குதலும் மட்டும் பள்ளியின் பொறுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் தன் பெயர், ஊர், உபாத்தியாயரின் தொலைபேசி எண், தங்கும் இடத்தின் விலாசம், வழி தப்பினால் காத்திருக்க வேண்டிய இடம் ஆகியவற்றைத் தன் கையாலேயே எழுதி, மனப்பாடமும் செய்ய வேண்டும். இதைக் கேட்டபோது எனக்கு அந்தப் பழைய கடற்கரை ஞாபகம் வந்தது. ஒரு பக்கத்து எழுத்து! அதற்கு ஒரு காசு செலவில்லை.

பட்டணத்திற்கு முன்னர் ஊரிலேயே மூன்று ஒத்திகை நடந்தன. முதல் வாரம் தபாலாபீசில் ஒரு கார்டு வாங்கிவருவது. இரண்டாம் வாரம் ஏரி மதகுவரை குழுவாகப் போய் அளவெடுத்து வருவது. மூன்றாம் வாரம் செங்கற்பட்டு ரயில் ஸ்டேஷனில் வண்டி நேரம் விசாரித்துத் திரும்புவது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்குதவாது என்பார்கள். ஆனால் கறிக்காயைக்கூட ஒரே நாளில் பறித்துவிட முடியாது, பந்தல் போட வேண்டுமல்லவா? எடுத்த எடுப்பில் பட்டணத்து ரஸ்தாவில் விட்டுவிட்டு, "சுயேச்சையாயிரு" என்றால் அது பொறுப்பற்ற செயலாகும்.

மாசி மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை செங்கற்பட்டில் ரயிலேறினோம். சனிக்கிழமை என்பதையும் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். முதலில் உபாத்தியாயர் குறித்திருந்தது ஓர் உள்ளூர் விடுமுறையான செவ்வாய்க்கிழமை. கிண்டிப் பாம்புப் பண்ணைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதைத் தொலைபேசியில் கேட்டறிந்து வந்து சொன்னவள் இரண்டாம் குழுவின் வழி விசாரிப்பவள். உபாத்தியாயர்க்கு அது முன்பே தெரியும் என்று பிற்பாடு என்னிடம் ஒப்புக்கொண்டார். தெரிந்தும் வாயைத் திறவாமல் இருந்தார். இந்த வேலையில் உபாத்தியாயர்க்குக் கடினமான அப்பியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

கிண்டியில் இறங்கினோம். பாம்புப் பண்ணை 1972 முதல் அங்கே இருந்துவருகிறது. ராமுலஸ் விட்டேக்கர் என்பவர் ஸ்தாபித்தது. அடுத்துள்ள கிண்டித் தேசியப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர். பட்டணத்தின் நடுவே புள்ளிமானும் வெளிமானும் மேயும் காடு. நம் பிள்ளைகளுக்குப் பாம்பு புதிதன்று; வரப்பில் தினமும் காண்பதே. ஆனால் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்ற நான்குமே நம் பக்கத்தில் பெரும்பான்மையான விஷக்கடிகளுக்குக் காரணம் என்பதையும், சாரை எலியைத் தின்று நெல்லைக் காக்கிறது என்பதையும், கடித்தவுடன் கத்தியால் கீறாமல், கட்டிறுக்காமல், ஆஸ்பத்திரிக்கே விரைய வேண்டும் என்பதையும் தாங்களே விசாரித்து நோட்டில் எழுதிக்கொண்டார்கள். வீட்டில் போய் அதைப் பெரியவர்களுக்குச் சொல்ல வேண்டுமென்பது அவர்களுக்கிட்ட வேலை. சொல்லக் கடமைப்பட்டவன் கேட்கும் விதமே வேறு.

அங்கிருந்து அடையாற்றுக்குப் பஸ்ஸில் போக வேண்டும். இங்கே நடந்த இரண்டு சம்பவங்களைச் சற்று விரிவாகவே சொல்லுகிறேன்.

முதலாவது, நான்காம் குழுவின் விவாதம். அக்குழுவில் ஐந்து பெண்பிள்ளைகள், மூன்று ஆண்பிள்ளைகள். பொருளாளர் ஒரு பெண். நாற்று நடவுக்குப் போகும் ஒரு விதவைத் தாயின் மகள். வகுப்பில் அவள் குரலைக் கேட்டவர்கள் குறைவு என்று உபாத்தியாயர் சொல்லியிருந்தார். 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பது மெம்பர்கள் அறிந்ததே. முதலில் வந்து நின்றது அதிகக் கட்டண பஸ். தலைவன் ஏறப் போனான். "இரு, அடுத்ததில் போனால் ஐந்து பேருக்குக் காசில்லை" என்றாள் இவள். "நேரமாகிறது" என்றான் அவன். நடைபாதையிலேயே கமிட்டி கூடிற்று. மிச்சம் எவ்வளவு, தாமதம் எவ்வளவு, அடையாற்றில் பார்வை நேரம் எதுவரை என்று கணக்கிட்டார்கள். காத்திருப்பதென்று ஐந்துக்கு மூன்றாகத் தீர்மானமாயிற்று. தோற்ற மூவரும் முணுமுணுத்துக்கொண்டே காத்திருந்தார்கள். நம்முடைய நிர்வாகக் கமிட்டிகளில் சிலவற்றை நினைத்துப் பார்த்தேன். அதிகம் சொல்லாமல் விடுகிறேன்.

இரண்டாவது, மூன்றாம் குழு தவறிப் போனது. அவர்கள் ரஸ்தாவின் எதிர்ப்பக்கத்து நிறுத்தத்தில் நின்று, சைதாப்பேட்டைப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். அடையாற்றில் நாங்கள் இறங்கி எண்ணிப் பார்த்தால் எட்டுப் பேர் இல்லை. எனக்குக் கை நடுங்கிற்று. உபாத்தியாயரின் முகமும் வெளுத்தது; ஆனால் அவர் அவ்விடத்தை விட்டு நகரவில்லை. "இங்கேதான் காத்திருப்பதாக எழுதியிருக்கிறோம். நான் தேடிப் போனால் அவர்கள் வரும்போது நான் இருக்கமாட்டேன்" என்றார். பத்து நிமிஷத்தில் தொலைபேசி மணி அடித்தது. ஒரு டீக்கடைக்காரரின் தொலைபேசியிலிருந்து பேசியவன் குழுத்தலைவன். "சார், தப்பு வண்டி. கண்டக்டரைக் கேட்டு இறங்கிவிட்டோம். எட்டுப் பேரும் இருக்கிறோம். ரோட்டைத் தாண்டி எதிர் பஸ்ஸில் வருகிறோம்." அவ்வளவே. நாற்பது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்கள். யாரும் அழவில்லை. அடியும் இல்லை. "நுழைவதற்கு முன் வண்டியின் பலகையை யார் படித்தீர்கள்?" என்ற ஒரு கேள்வி மட்டும் கேட்டார். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன் பின்னர் இரண்டு நாளும் அந்தக் குழு பலகையைப் படிக்காமல் ஒரு வண்டியிலும் ஏறவில்லை. மற்றக் குழுக்களுக்கும் படித்துச் சொன்னது.

தொலைந்தவனாகிய நானும், தொலைந்த இந்த எட்டுப் பேரும் ஒரே வயதினர்போலத்தான். அவர்கள் என்னைவிடப் புத்திசாலிகளல்லர். என்னிடம் சட்டைத் தலைப்பு இருந்தது. அவர்களிடம் விலாசம் இருந்தது.

பிரம்மஞான சபைத் தோட்டத்திற்கு முன்னரே எழுதி அனுமதி பெற்றிருந்தோம். சபை அங்கே 1882-இல் வந்து அமர்ந்தது. அத்தோட்டத்தின் ஆலமரம் நானூறு ஆண்டுக்கு மேற்பட்டதென்பர். அதன் தாய் அடிமரம் 1989-இல் காற்றில் வீழ்ந்துவிட்டது. விழுதுகள் வேரூன்றித் தாமே மரங்களாகி இன்றும் நிற்கின்றன. பிள்ளைகள் நடுவில் உள்ள வெற்றிடத்தை வெகுநேரம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் பெஸண்டு நகர்க் கடற்கரை. கடலைக் கண்டவுடன் பிள்ளைகள் ஓடத்தான் செய்வார்கள். எனவே நீரை நெருங்குமுன் அவர்களை அங்குள்ள வெள்ளை வளைவு மண்டபத்தினடியில் உட்கார வைத்து, கல்வெட்டை அவர்களையே வாசிக்கச் சொன்னார் உபாத்தியாயர். 1930-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் தேதி, அலையில் சிக்கிய பிறரைக் காப்பாற்றப் போய்த் தன்னுயிர் நீத்த ஷ்மித் என்ற டேனிஷ்காரரின் ஞாபகச் சின்னம் அது. பெரியவர் ஒருவரையே, பிறருக்கு உதவப் போனவரையே, இக்கடல் கொண்டது என்பதைப் படித்த பின், கணுக்கால் நீருக்கு மேல் போவதில்லை என்ற விதிக்கு அவர்களே கைதூக்கினார்கள். சுயேச்சை என்றால் விதியின்மை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். பணம், வழி, விவாதம், காத்திருத்தல் இவற்றில் பிள்ளைகளுக்கு விடலாம். நீர், நெருப்பு, மின்சாரம், இரவு, அந்நியர் அழைத்துப் போதல் இவற்றில் ஓர் அங்குலமும் விடக்கூடாது. எதை விடுவது எதைப் பிடிப்பது என்பதை முன்னரே எழுதிவைத்தல் வேண்டும்.

அந்தக் கடற்கரையில் நான் முக்கியமாகக் காட்ட விரும்பியது வேறு. பங்குனி ஆமைகள் தை முதல் பங்குனிவரை இரவு வேளைகளில் இக்கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு தடவைக்கு நூறு முட்டையளவில் இட்டுச் செல்கின்றன. நாய், நரி, மனிதன் எல்லாரும் அம்முட்டைகளுக்குப் பகை. இதைக் கண்டு, சென்னையில் மாணவர்களாகவே கூடி 1988-இல் கடலாமைப் பாதுகாப்புக்கென ஓர் அமைப்பை ஏற்படுத்தினார்கள். அன்று முதல் ஆண்டுதோறும் இளைஞர்கள் பருவகாலத்து இரவுகளில் நீலாங்கரையிலிருந்து பெஸண்டு நகர்வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து, ஆமையின் தடம் பார்த்து, குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமாக வேலியிட்ட பொரிப்பிடத்திற்கு மாற்றுகிறார்கள். தாய் ஆமை பறித்த குழியின் ஆழமும் வடிவமும் எப்படியோ அப்படியே புதுக்குழியும் அமைய வேண்டும். முட்டை பொரிய 45 முதல் 60 நாள் வரை ஆகும். மணலின் சூடே குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. இத்தனை நுட்பமான காரியத்தை, சம்பளமின்றி, மாணவர்களை நம்பி ஒப்படைத்து முப்பத்தைந்து ஆண்டுக்கு மேலாயிற்று. வனத்துறையும் பொரிப்பிடங்கள் நடத்துகிறது. எனினும் இரவில் தூக்கம் விழித்து நடக்கும் வழக்கத்தை மாணவர்கள் விடவில்லை.

நாங்கள் போன அன்று மாலை ஒரு குழிக் குஞ்சுகளைக் கடலில் விட்டார்கள். கயிறு கட்டி, கூட்டத்தை இருபுறமும் ஒதுக்கி, கடலுக்குச் சற்றுத் தூரத்திலேயே மணலில் வைத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, தவழ்ந்து போகிறது, குப்புற விழுகிறது, அலை வந்து பின்னுக்குத் தள்ளுகிறது, மறுபடியும் போகிறது. நம் பையன் ஒருவன் பொறுக்காமல், "அண்ணா, எடுத்துத் தண்ணீரிலேயே விட்டுவிடலாமே?" என்றான். அங்கே பொறுப்பாயிருந்த இளைஞர், "வேண்டாம் தம்பி, அதுவே போகட்டும். கரையில் தெரியும் விளக்கை நம்பித் திரும்பிப் போனால் மட்டும் நாம் தடுப்போம்" என்றார். இக்கரை மணலில் தவழ்வதே குஞ்சுக்கு அதன் பிறந்த இடத்தை ஞாபகப்படுத்துகிறதென அறிஞர் பலர் கருதுவதாகவும் விளக்கினார். நான் இதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆனால் உவமையை அளவுக்கு மீறி இழுக்கக்கூடாது. ஆயிரத்தில் ஒரு குஞ்சு பிழைத்தால் அதிகம் என்று அவரே சொன்னார். ஆமைக்கு அந்தக் கணக்குச் சரி. நமக்கு 32-க்கு 32 வீடு திரும்ப வேண்டும். கயிறும் காவலும் அதனாலேயே வேண்டும். தூக்கிக்கொண்டு போவதுதான் வேண்டாம்.

மறுநாள் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் குளத்தையும் மாட வீதிகளையும் பற்றி இங்கே எழுதப் புகுந்தால் இதழ் போதாது. தெற்கு மாட வீதிக் காய்கறிக் கடைகளில் பிள்ளைகளுக்கு இட்ட வேலையை மட்டும் சொல்லுகிறேன். தங்கள் ஊரில் விளையும் கத்தரி, வெண்டை, முருங்கை ஆகியவற்றின் விலையை விசாரித்து, தகப்பனார் சந்தையில் என்ன விலைக்குப் போட்டார் என்பதோடு ஒப்பிட்டு எழுத வேண்டும். "அக்கா, இது எந்த ஊர்க் காய்? உங்களுக்கு யார் கொண்டுவந்து போடுகிறார்கள்?" என்று ஒருத்தி கேட்க, கடைக்காரியம்மாள் முதலில் முறைத்தாள், பிறகு கூடையை இறக்கி வைத்துக் கோயம்பேட்டுக் கணக்கு முழுவதையும் சொல்லலானாள். கத்தரிக்காய் விலை ஊரில் கிடைத்ததைவிட இரண்டு மடங்குக்கு மேல். வண்டிக்கூலி, சேதாரம், கடை வாடகை என்று அந்த அம்மாள் கழித்துக் காட்டியதையும் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அந்த நோட்டுகளை நான் வாங்கிப் பார்த்தேன். விற்பனைச் சங்கம் எதற்கு என்று நான் பத்துக் கூட்டங்களில் பேசியும் விளங்காதது அந்த இரண்டு பக்கத்தில் விளங்கிற்று.

திருமயிலை ரயில் ஸ்டேஷனில் டிக்கட்டு வாங்கும்போது நான்காம் குழுவின் பொருளாளப் பெண் தடுமாறினாள். கணக்கில் 30 ரூபாய் குறைந்தது. எங்கோ நூறு ரூபாய் நோட்டுக் கொடுத்து மீதியை எண்ணாமல் வாங்கியிருக்கிறாள். அவள் கண்ணில் நீர் நிறைந்தது. நான் என் பையில் கையை விட்டேன். உபாத்தியாயர் என் கையைப் பிடித்துக்கொண்டார். குழு கூடிப் பேசிற்று. அன்று மாலைச் சுண்டலை விட்டுவிடுவதென்றும், 30 ரூபாயைக் கணக்கில் மறைக்காமல் 'மீதி எண்ணாததால் நட்டம்' என்றே எழுதுவதென்றும், இனிமேல் மீதியை இருவர் எண்ணுவதென்றும் தீர்மானித்தார்கள். பார்க் டவுனில் இறங்கி வண்டி மாறி, மாம்பலம் வழியாக ஊர் திரும்பினோம். ஜன்னலோரத்தில் இருந்த பையனிடம், இப்போது ஜன சமுத்திரமாயிருக்கும் தியாகராய நகரின் பெரும்பகுதி 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து உண்டாக்கியது என்றேன். "அப்போ அந்த ஏரிப் பாசனம் என்ன ஆச்சு சார்?" என்றான். விவசாயி மகனல்லவா!

இதற்கெல்லாம் ஆதாரம் உண்டோ, அல்லது இன்ஸ்பெக்டரின் மனோராஜ்யமோ என்று கேட்பவர்க்கு ஒன்று சொல்லலாம். அமெரிக்காவில் ஆர்க்கன்ஸா மாகாணத்தில் 2011-இல் திறக்கப்பட்ட ஒரு சித்திரக் காட்சிசாலைக்குப் போக விரும்பிய பள்ளிகள் ஏராளமாயிருந்தபடியால், சீட்டுப் போட்டு முறை வைத்தார்கள். போன பிள்ளைகளையும் இன்னும் போகாத பிள்ளைகளையும் 123 பள்ளிகளில், பதினாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்ததில், போனவர்கள் கூர்ந்து நோக்கிக் காரணம் கூறுவதில் மேம்பட்டிருந்தனர். கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அந்தப் பலன் மற்றவரினும் மிகுதியாயிருந்தது. தன் காலில் நிற்றலை அவர்கள் அளக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். அதை அளக்கும் கோல் எதுவென்று எனக்குத் தெரியாது. நான் கண்ணால் பார்த்ததையே சொல்லுகிறேன்.

இவ்விஷயத்தில் முயல விரும்பும் சங்கங்கள், பொதுநல நிதியில் எவ்வளவு செலவிடலாம் என்பதைத் துணைவிதிகளைப் பார்த்தும் சரக அதிகாரியைக் கேட்டும் நிச்சயித்துக்கொள்க. பெற்றோரின் சம்மதக் கையொப்பம் இன்றி ஒரு பிள்ளையும் போகலாகாது. பெண்பிள்ளைகள் செல்லுமிடத்தில் பெண் உபாத்தியாயர் ஒருவராவது உடன் இருத்தல் வேண்டும், "பெண் எதற்கு?" என்ற பேச்சுக்கு இடங்கொடாதிருப்பதும் பஞ்சாயத்தாரின் பொறுப்பு. ஒரே நாளில் ஏழு இடம் பார்க்க ஆசைப்பட வேண்டாம். இரண்டு நாளில் நான்கே அதிகம்.

நான்கு குழுக்களும் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் கணக்கு வாசித்தன. நிபந்தனை போட்ட பெரியவர் முன்வரிசையில் உட்கார்ந்து ஒவ்வொரு சீட்டையும் வாங்கிப் பார்த்தார். நான்காம் குழுவின் 30 ரூபாய் நட்டத்தை அந்தப் பெண் வாசித்தபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. சீட்டைத் திருப்பிக் கொடுத்துத் தலையசைத்தார்.

அதற்கு மூன்று வாரம் கழித்துத் தணிக்கைக்காக நான் மறுபடியும் அச்சங்கத்திற்குப் போனேன். அந்தப் பெண் தன் தாயாருடன் ஜன்னலருகில் நின்றுகொண்டிருந்தாள். தாயார் எப்போதும் கைநாட்டு வைத்து, காரியதரிசி சொன்ன பாக்கியைக் கேட்டுக்கொண்டு போகிறவர். அன்று மகள் பாஸ் புத்தகத்தையும் ஒரு ரசீதையும் நீட்டி, "ஐயா, ஐப்பசியில் கட்டிய தவணைக்கு ரசீது இருக்கிறது. புத்தகத்தில் வரவு இல்லை. கொஞ்சம் பேரேட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். காரியதரிசி என்னைப் பார்த்தார். பேரேட்டைத் திறந்தோம். தவணை வேறொருவர் பெயரில் தவறாகப் பதிவாகியிருந்தது. அன்றே திருத்தி, என் கையொப்பமும் இட்டுக் கொடுத்தேன். திருத்திய வரியை அவள் தன் தாயாருக்கு விரலால் காட்டி, இரண்டு தடவை வாசித்தாள்.